வெயில் அடித்த ஆட்டம்

அந்த மழைக்காலத்தில் நான் வடகவுஞ்சிப் பக்கம் ஒரு பீன்ஸ் தோட்டத்தில் இருந்தேன். அதற்கு முன் தாண்டிக்குடியில் ஜீப்புகளில் காப்பி மூட்டை ஏற்றினேன். அதற்கும் முன் வட்டக்கானலில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தேன். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. சில இடங்களில் இருக்க விடவில்லை, சில இடங்களில் எனக்கே இருக்கப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எங்கே போனாலும் எனக்கு ஒரு மரியாதை மட்டும் கூடவே வந்தது. காசு கேட்காமல் ஆட்டம் எந்த இணையப் பக்கத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பேன். கிரிக்கெட், கால்பந்து, கபடி எதுவானாலும் சரி. போன இடத்தில் மூன்றாவது நாளே என் பெயர் போய் ‘லிங்க்காரன்’ ஆகிவிடும்.

இந்த வித்தை வட்டக்கானலில் வந்தது. வெளிநாட்டுப் பயணிகள் அங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்குத் தங்கள் ஊர் அணி ஆடுவதைப் பார்த்தாக வேண்டும். விடுதி அறையில் டிவி கிடையாது. மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவர்கள் தேடுவதை விரிப்பு மடித்தபடியே பார்ப்பேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. பக்கம் திறந்ததும் நாலு முக்கோணப் பொத்தான் வரும். பெரிதாகப் பச்சையாக இருப்பது பொய். ஓரத்தில் சிறிதாக நிறம் மங்கிக் கிடப்பதுதான் மெய். மூடுவதற்கு இரண்டு பெருக்கல் குறி இருக்கும். முதலில் தெரிவதைத் தொட்டால் சீட்டாட்ட விளம்பரம் பாயும். உண்மையானது கொஞ்சம் கழித்துத்தான் தலைகாட்டும். ‘உங்கள் போனுக்குள் வைரஸ்’ என்று சிவப்பாக அலறினால் பதறாமல் பின்னால் வந்துவிட வேண்டும். எதையாவது இறக்கிக்கொள்ளச் சொன்னால் இறக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பாடத்துக்கு என் முதல் போனைப் பலி கொடுத்தேன். அது தானாகவே எல்லோருக்கும் செய்தி அனுப்ப ஆரம்பித்து, பிறகு கல்லாகிவிட்டது.

லிங்க் கிடைக்கும் இடங்களும் வேடிக்கையானவை. வாரம் ஒரு பெயர் வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. மீன்குழம்பு செய்யும் வீடியோவுக்குக் கீழே யாரோ போட்டு வைத்திருப்பார்கள். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கம் செத்துப்போகும். அதே பக்கம் வேறு பெயரில் பிறந்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் முதல் ஓவர் முடிந்திருக்கும்.

இதைத் திருட்டு என்கிறார்கள். பெரும்பாலும் திருட்டுதான். ஆனால் என்னோடு சாலை வளைவில் நின்று பார்த்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு பீன்ஸ் சாக்கை விரித்து, ஒரு போனைக் கல்லில் சாய்த்து வைத்து, பன்னிரண்டு பேர் குனிந்து பார்ப்பார்கள். எந்த ஆட்டக்காரனுக்கு எந்த முழங்கால் வலி என்பதுவரை அவர்களுக்கு மனப்பாடம். கட்டணம் கட்டிப் பார் என்று சொல்லும் செயலி கார்டு கேட்கும், மின்னஞ்சல் கேட்கும். அவர்களிடம் இரண்டும் கிடையாது. ஆட்டத்தின் மேல் ஆசை மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

தோட்டத்தில் என்னோடு பறிப்புக்கு வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். கணவர் இல்லை. ஒரே மகள். அந்தப் பெண் மிஷன் பள்ளியில் படித்து, கால்பந்தில் கோல்கீப்பராகி, மாநிலத்தின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியில் இடம்பிடித்து, வடக்கே ஒரு ஊரில் நடக்கும் போட்டிக்குப் போயிருந்தாள்.

மகள் ஆடுவதை அந்த அக்கா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் ஆடியபோது பறிப்பு. மதுரையில் ஆடியபோது மண் சரிந்து பஸ் வரவில்லை. இன்னொரு தடவை பள்ளிக்கூட டீச்சர் ஆட்டத்தின் வீடியோவைப் போனுக்கு அனுப்பினார். அது திறக்கவே இல்லை. மகள் கேட்டபோது, “பாத்தேன், நல்லா ஆடுன” என்று சொல்லிவிட்டார். “கடைசில என்னாச்சுன்னு சொல்லு” என்றாளாம் மகள். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் மகள் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாளாம். இந்தப் போட்டி முடிந்தால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அடுத்த அணி கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அக்கா ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு வாரப் பறிப்பில் இரண்டிரண்டு சொல்லாகச் சொன்னார். கடைசியில் ஒருநாள் டீ நேரத்தில் கேட்டார்.

“தம்பி, நீ எதோ லிங்கு எடுப்பியாமே. எம் மக ஆடுறத எடுக்க முடியுமா?”

“டிவில காட்ட மாட்டாங்களாக்கா?”

“பொம்பளப் புள்ளைக ஆடுறத எவன் காட்டுறான்?”

பீன்ஸ் மூட்டைகளை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிப் போகும் பிக்கப் டிரைவர் பக்கத்தில் நின்றார். “ஏலே, வெளிநாட்டுக்காரன் ஆடுறதையே எடுக்குற. நம்ம புள்ள ஆடுறத எடுக்க மாட்டியா? எடுக்கலன்னா உன் பேர மாத்திருவோம்.”

முடியும் என்றேன். அப்படிச் சொல்லும்போதே, காசு கொடுத்தாலும் கிடைக்காத ஆட்டங்கள் உண்டு, இது அந்த வகை என்பது எனக்குத் தெரியும்.

ஆட்டம் காலை பத்தரை மணிக்கு. ஏழு மணிக்கு மகள் போன் பண்ணியிருக்கிறாள். அங்கே ராத்திரியெல்லாம் மழை, இன்னும் கொட்டுகிறது, மைதானம் சேறாகக் கெடக்கு என்றாளாம். அக்கா அதைத் தோட்டத்துக்கு வந்ததும் எல்லோரிடமும் சொன்னார். சேற்றில் விழுந்து புரண்டால் துணியை யார் துவைப்பது என்று சிரித்தார்.

சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான சாலை வளைவில் எல்லோரும் கூடினோம். அரைமணி நேரம் தேடினேன். எந்தக் குழுவிலும் அப்படி ஓர் ஆட்டம் நடப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. பத்து நாற்பதுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. இரண்டு மாநிலப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பக்கத்தில் நேரலை என்று காட்டும் சிவப்புப் புள்ளி மினுங்கியது. ஓரத்து முக்கோணத்தைத் தொட்டேன். படம் வந்தது.

மஞ்சள் சட்டை போட்ட பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணிக்கும் மஞ்சள்தான். கோல்கம்பத்துக்கு முன்னால் பச்சைச் சட்டையில் ஒரு பெண். முகம் கடுகளவுதான் தெரிந்தது. அக்கா போனைத் தொடாமல் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து பார்த்தார். “அதான். அதான் எம் மக. அவ நெட்டை” என்றார்.

படத்தில் நல்ல வெயில். ஆட்டக்காரர்களின் நிழல் கறுப்பாகத் தரையில் விழுந்தது.

“மழைன்னுச்சே புள்ள?” என்றார் டிரைவர்.

“விட்டுருக்கும்” என்றது பின்னால் ஒரு குரல். “நம்ம வடகவுஞ்சியில கொட்டும்போது பெருமாள்மலையில காயப்போட்ட துணி காயலையா?”

எல்லோரும் தலையாட்டினோம். சமவெளிக்காரன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்கு அது இயல்பு. இங்கே ஒரு வளைவில் மழை, அடுத்த வளைவில் வெயில், அதற்கடுத்த வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாத பனி. மழை என்று ஒருத்தி சொன்ன இடத்தில் வெயில் அடித்தால் எங்களில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வடக்கே அந்த ஊர் தட்டையான ஊர் என்பதையும், அங்கே மழை என்றால் ஊர் முழுக்க மழை என்பதையும் யாரும் நினைக்கவில்லை.

முதல் கோல் விழுந்தது. பச்சைச் சட்டைப் பெண் தவறான பக்கம் பாய்ந்தாள். இரண்டாவது அவள் கைக்குக் கீழே நழுவிப் போனது. டிரைவர், “பந்து வழுக்குது போல” என்றார் அக்காவுக்காக. இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது விழுந்தது. அந்த நேரத்தில்தான் நான் அதைக் கவனித்தேன். ஒரு பெண் ஓடி நின்றபோது அவள் காலடியில் புழுதி கிளம்பியது.

மண்ணில் வேலை செய்பவன் நான். காலை ஏழு மணிக்குச் சேறாகக் கிடந்த தரை பதினொன்றரைக்குப் புழுதி பறக்காது. எந்த வெயிலாலும் அது முடியாது. இது வேறு நாள் ஆட்டம். பழைய படத்தை எடுத்து, புதுப் பெயரை ஒட்டி, சிவப்புப் புள்ளி வைத்து ஓட்டுகிறார்கள். விளம்பரம் பார்க்க ஆள் வேண்டும் அவர்களுக்கு.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைச் சுற்றிப் பத்துப்பேர் நின்றார்கள். ‘லிங்க்காரன் எடுத்துட்டான்’ என்று ஒருவன் அப்போதுதான் சொல்லியிருந்தான். அக்கா தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். நாலாவது கோலும் விழுந்தது. பச்சைச் சட்டைப் பெண் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா சத்தமில்லாமல் அழுதார். நான் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். மறுபடி பறிப்புக்குப் போனோம்.

காலையில் மைதானத்துக்குக் கிளம்பும் முன் அணியில் போன்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாயங்காலம் அரைமணி நேரம்தான் கொடுப்பார்களாம். ஆறரை மணிக்கு அக்கா அழைத்தார். மூட்டை கட்டும் கொட்டகையில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காதில் வைத்தால் கேட்காது.

“நாலு கோலு போனா என்ன சாமி. விடு. வேணும்னேவா விட்ட?” என்றார்.



“யாரு நாலுன்னு சொன்னா?”

“பாத்தேன்ல. போன்லதான் பாத்தேன். நீ உக்காந்து அழுதியே.”

“அம்மா, நாங்க ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சோம். நான் ஒரு பெனால்டி புடிச்சேன். நான் எதுக்கு அழுவேன்?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாக்குத் தைக்கும் கோணூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல பாப்பா, இங்க ஒரு தம்பிதான்…”

“பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லும்மா. போன தடவையும் இப்பிடித்தான். நான் கேட்டேனா? எதுக்குப் பொய் சொல்ற?”

வைத்துவிட்டாள். அடுத்த நாள் அந்த அரைமணி நேரத்தில் அக்கா ஆறு முறை அழைத்தார். மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

அதற்கு மறுநாள் வெள்ளனே, மற்றவர்கள் வரும் முன், நான் அக்காவிடம் போனேன். அவர் வரப்பில் தண்ணீர் வடிய மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அது பழைய ஆட்டம், ஏமாற்றுப் பக்கம் என்றேன். அது அவருக்கே அதற்குள் புரிந்திருந்தது. மீதியையும் சொன்னேன். புழுதியைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

அவர் மண்வெட்டியைப் பக்கத்துக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டிச் சேற்றை உதிர்த்தார். வரிசை முடியும்போதெல்லாம் அப்படிச் செய்வார்.

“பாதிலயே தெரிஞ்சுச்சா?”

“ஆமாக்கா.”

“அப்ப மீதிப் பாதிக்கு எதுக்கு என்னைய அழவிட்ட?”

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அன்று டீ நேரத்தில் எனக்கு டம்ளரை நீட்டினார். எப்போதும் சொல்வதுபோல் தேத்தண்ணி குடி என்று சொல்லவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. பறிப்பு நின்றது. நான் கீழே ஊருக்கு நடந்தேன். அங்கே அரசுக் கிளை நூலகம் ஒன்று உண்டு: ஓட்டுக் கட்டடம், ஒரே அறை, வாசலில் ஒரு பன்னீர் மரம். நூலகங்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் படிப்பதால் அல்ல. வேலையில்லாமல் ஊர் ஊராகத் திரிபவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் போலீஸ் கேள்வி கேட்கும், டீக்கடையில் உட்கார்ந்தால் டீ வாங்க வேண்டும். நூலகத்தில் ஒரு நாளிதழை விரித்து முன்னால் வைத்துக்கொண்டால் மூடும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பழனியிலும் வத்தலக்குண்டிலும் கொடைக்கானலிலும் அப்படி எத்தனையோ மழையைக் கழித்திருக்கிறேன். எந்த நூலகத்திலும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

நூலகர் பழனியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மேலே வருகிற அம்மா. சால்வை போர்த்தி உட்கார்ந்து புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வழக்கமான மூலைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன்.

“என்ன வேணுங்க?” என்றார்.

“ஒரு ஆட்டம் வேணும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எந்த ஆட்டம், எந்த வயதுப் பிரிவு, எந்த ஊரில் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லிங்க் தேடிய கதையையும் சொன்னேன். புழுதியைச் சொல்லவில்லை.

“நீங்க யாருகிட்ட தேடுனீங்க?”

“பாக்குறவங்க கிட்ட. குரூப்புல, கமெண்ட்ல.”

“நடத்துறவங்க கிட்ட கேட்டீங்களா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. ஆட்டம் என்றால் அது எங்கோ பூட்டி வைத்திருக்கிற பொருள், சுவரேறித்தான் எடுக்க வேண்டும் என்பது என் பழக்கம். சில வாசல் திறந்தே கிடக்கும் என்று நினைத்ததில்லை.

வாசகர்களுக்கென்று இருந்த ஒரே கணினியை அவர் இயக்கினார். அது எழுந்து வரவே ஐந்து நிமிடம் ஆனது. போட்டியை நடத்தும் சங்கத்தின் பக்கத்தைத் தேடினார். அதில் ஆட்ட அட்டவணை இருந்தது. எங்கள் மாநிலத்தின் ஆட்டமும் இரண்டுக்கு ஒன்று என்ற முடிவும் இருந்தன. அதற்குக் கீழே இருந்த ஒரு வரியை எனக்குத் தமிழில் சொன்னார்: பலத்த மழை காரணமாக இந்த ஆட்டம் ஒளிபரப்பாகவில்லை.

ஆகவே அன்று உலகத்தில் எங்கேயும் அந்த ஆட்டம் தெரிந்திருக்காது. இல்லாத ஒன்றைத்தான் நான் அரைமணி நேரம் தேடி, கண்டுபிடித்தும் கொடுத்திருக்கிறேன்.

“மத்த ஆட்டத்த எல்லாம் அவங்களே காட்டுறாங்க. காசு கெடையாது. நாளைக்கு ஒரு மணிக்கு உங்க புள்ளைங்களோட கடைசி லீக் ஆட்டம்” என்றார்.

“இங்க பாக்கலாமாம்மா?”

அவர் சுவரில் தொங்கிய நேரப் பலகையைப் பார்த்தார். ஒரு மணிக்கு மூடி மூன்றரைக்குத் திறப்பார்கள். “ஒரு மணிக்கு நான் சாப்பாட்டுக்கு மூடணும்” என்றார். பிறகு, “சரி, உள்ளேயே சாப்பிட்டுக்குறேன். வர்றவங்க பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். அந்தத் திருட்டு லிங்கு எதையும் இதுல திறக்கக் கூடாது. அவ்வளவுதான்” என்றார்.

வெளியே வரும்போது நான் கேட்டேன், லைப்ரரியில் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று யாராவது புகார் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று. “ஒரு விசயம் எங்க இருக்குன்னு கேட்டு வந்தீங்க. எடுத்துக் குடுத்தேன். என் சோலி அதானுங்க” என்றார்.

அக்காவிடம் சொன்னபோது உடனே நம்பவில்லை. நியாயம்தான். “இதுலயும் வேற புள்ளயக் காட்டுவியா?” என்றார். நூலகரம்மா எடுத்தது, நான் எடுத்ததில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் வரச் சம்மதித்தார்.

மறுநாள் டிரைவர் மூட்டையை வெரசாக ஏற்றி முடித்து, எங்கள் ஏழு பேரையும் மூட்டைக்கு மேலேயே உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் செருப்பை வாசலில் கழற்றினோம். நூலகர் வேண்டாம் என்றும் யாரும் கேட்கவில்லை, காலெல்லாம் சேறு. பதிவேட்டில் ‘படித்தது’ என்று ஒரு கட்டம் இருந்தது. டிரைவர் அதில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

“இங்க வந்து என்ன பாத்தீங்களோ அத எழுதுங்க.”

அவர் கால்பந்து என்று எழுதினார். பின்னால் வந்த எல்லோரும் ‘மேற்படி’ போட்டார்கள். அக்கா கட்டத்தைக் காலியாக விட்டார். “பாத்துட்டு எழுதுறேன்” என்றார்.

படம் வந்தது. பேச்சு வர்ணனை எதுவும் இல்லை. ஒரே ஒரு கேமரா, தூரத்தில் எங்கோ மேடையில் வைத்தது. முதலில் எதுவுமே தெரியவில்லை, கலங்கலாக இருந்தது. பிறகு ஒரு பெரிய கை வந்து, சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்தது. மைதானம் தெரிந்தது. மழை. கோல்கம்பத்துக்கு முன்னால் குளம்போலத் தண்ணீர். நான் அக்காவைப் பார்த்தேன். அவரும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார்.

அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதியிருந்தது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, ஆனாலும் ஒருவரும் சத்தம் போடவில்லை. சாலை வளைவில் ஒரு பவுண்டரிக்கு ஊரைக் கூட்டுகிற ஆட்கள். டிரைவர் கத்த வேண்டிய நேரத்திலெல்லாம் மேசையில் கிடந்த நாளிதழைச் சுருட்டிச் சுருட்டிப் பிழிந்தார். நூலகர் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைத் தின்றபடி எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

இரண்டு அணிக்கும் கோல்கீப்பர் உண்டு, ஒருத்தி பச்சை, ஒருத்தி ஆரஞ்சு. எங்கள் மஞ்சள் அணிக்கு இன்று ஆரஞ்சு. முகம் இன்றும் கடுகளவுதான். “இவதானாக்கா?” என்று பறிப்புக்கு வரும் ஒரு பெண் கிசுகிசுத்தாள். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூன்று நாளுக்கு முன் ‘அதான் எம் மக’ என்று சொல்லி அழுதவர், இன்று தெரியாமல் எதையும் சொல்வதாக இல்லை.

ஆரஞ்சுச் சட்டைப் பெண் ஒரு பந்தைத் தாவித் தட்டினாள். இன்னொன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சேற்றில் சறுக்கினாள். டிரைவர் நாளிதழைக் கடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாக ஓடி வந்தாள். ஆரஞ்சுச் சட்டை முன்னால் வந்தது. பந்து அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது.

அவள் உட்காரவில்லை. முகத்தை மூடவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்தாள். பிறகு கோல்கம்பத்தின் அருகே வந்து, வலது காலைத் தூக்கி, பூட்ஸைக் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். சேறு விழுந்தது. திரும்பித் தன் இடத்துக்குப் போனாள்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்னவென்று அப்போது தெரியவில்லை. “நான் மம்பட்டி தட்டுற மாதிரியே தட்டுறா பாரு” என்றார். “எப்பப் பாத்தா இவ?”

அதற்குப் பிறகு அவர் ஸ்கிரீனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது. எங்கள் அணி தோற்றுத் திரும்ப வேண்டியதாயிற்று. எல்லோரும் எழுந்தோம். அக்கா பதிவேடு இருந்த மேசைக்குப் போனார். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் அவரும் மேற்படி என்றே எழுதினார்.

சாயங்காலம் ஆறரைக்கு அதே கொட்டகை. மூன்றாவது முறை அடித்தபோது மகள் எடுத்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“கோலு விழுந்ததும் கம்பத்துல ரெண்டு தட்டுத் தட்டுன” என்றார் அக்கா.

அக்கா போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“வலது கால.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பாத்தேன்.”

“எப்பிடிப் பாத்த?”

“லைப்ரரில.”

“லைப்ரரிலயா? அங்க எப்பிடிம்மா?” என்றவள் உடனே குரலை மாற்றிக்கொண்டாள். “சரி, அப்ப செகண்ட் ஆஃப்ல நான் நின்ன பக்கம் என்ன இருந்துச்சு?”

அக்கா அவசரப்படாமல் சொன்னார். “ஒரு மரம். மரத்தடியில ஒரு ஆளு குடையில்லாம நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. உன்னையப் பாத்துக் கையக் கைய ஆட்டுனாரு. எனக்கு அந்த ஆளு மேல கோவமா வந்துச்சு.”

“அது எங்க கோச்சும்மா.”

“இருக்கட்டும்.”

மகள் சிரித்தாள். சிரித்து முடிந்தும் போனை வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். “அந்தக் கோலு இருக்குல்லம்மா,” என்று ஆரம்பித்தாள், “நான் முன்னாடி வந்திருக்கக் கூடாது. வந்ததுதான் தப்பு. ஏன் வந்தேன்னா…”

அக்கா ஒரு பீன்ஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சரியாகக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோலப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். நான் கீழே கிடந்த டம்ளர்களைப் பொறுக்கினேன். வாசலைத் தாண்டும்போது அக்கா போனை ஒரு கையால் மூடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி. தேத்தண்ணி இருக்கு. ஊத்திக் குடி.”